புழு எது, மனுசன் எதுன்னு மருந்துக்குத் தெரியுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க ஆச்சி கேட்ட ஒரு கேள்வி.

2012 மே மாசம். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன். எங்க ஊர் கடையநல்லூருக்குப் பக்கம். இப்போ அது தென்காசி மாவட்டம். அப்போ திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தக் கோடையில் கடையநல்லூர் பக்கம் டெங்கு எப்படிப் பரவிச்சுன்னு எங்க ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அரசுக் கணக்குப்படி அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு வந்தது. 66 பேர் இறந்தாங்க. கடுமையா அடிவாங்கின இடங்கள்ல எங்க பக்கமும் ஒண்ணு.

தெருத்தெருவா கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தாங்க. குடம், டிரம், சிமெண்ட் தொட்டி, கொல்லையில் கிடந்த ஆட்டுரல், சிரட்டை எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. எங்க தொட்டியில் புழு நெளிஞ்சது. ஒரு அக்கா அதில் அபேட் மருந்து ஊத்தினாங்க. அடுத்து குடிதண்ணி டிரம்முக்குப் போனப்போ ஆச்சி கையைப் பிடிச்சுட்டாங்க.

"ஏ பிள்ள, குடிக்கிற தண்ணில மருந்த ஊத்துதியே?"

"ஒண்ணும் செய்யாது ஆச்சி. புழுவுக்கு மட்டுந்தான்."

"அது எப்பிடி? புழு எது, மனுசன் எதுன்னு மருந்துக்குத் தெரியுமா?"

அந்த அக்கா சிரிச்சாங்க. அளவு ரொம்பக் கம்மின்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. அது சரியான பதில்தான். ஆனா முழுப் பதில் இல்லை. பின்னாடி இன்ஜினியரிங் முடிச்சு, மென்பொருள் வேலைக்கு வந்து, கணினியில் புது மருந்து தேடுறது பத்திப் படிக்க ஆரம்பிச்சப்போதான் ஒண்ணு புரிஞ்சது. கொசு மருந்தோட வரலாறு முழுக்க ஆச்சியோட அந்தக் கேள்வியைச் சுத்தித்தான் போகுது.

காய்ச்சலுக்குக் காரணம் காற்று

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி ஆகிய நாலு பகுதிகளில் ஒரு பெரிய காய்ச்சல் பரவியது. கம்பெனி அரசு மருத்துவர்களை விட்டு விசாரிக்கச் சொன்னது. அந்தக் குழுவில் ஒருவர் ஒயிட்லா ஐன்ஸ்லி. நம்ம நாட்டு மருந்துச் சரக்குகளைத் தொகுத்துப் புத்தகமா எழுதினவர் இவர்தான். குழுவின் அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சானது.

அந்தக் காலத்து மருத்துவத்தில் இந்த மாதிரி காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று. மலேரியாங்கிற பேரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்றுன்னுதான் அர்த்தம். வெள்ளம், தேங்கின தண்ணி, காய்ச்சல் மூணும் சேர்ந்தே வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். நடுவுல பறக்கிற ஒண்ணை மட்டும் யாரும் கவனிக்கலை. 1897 ஆகஸ்ட் 20 அன்னைக்கு செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு அனோஃபிலிஸ் கொசுவோட வயித்துச் சுவரில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அன்னைக்குத்தான் எதிரி யாருன்னு தெரிஞ்சது. அதை எப்படிக் கொல்றதுங்கிறது அடுத்த கேள்வி.

ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தது

பாஸல் நகரத்தில் கெய்கி கம்பெனியில் பால் முல்லர்னு ஒரு வேதியியலாளர். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஈயை விட்டு, ஒரு ரசாயனத்தைத் தெளிச்சு, சாகுதான்னு பார்ப்பார். சாகலைன்னா அடுத்தது. இப்படி 300-க்கும் மேற்பட்ட பொருட்கள் தோத்துப்போச்சு. 1939-ல் டி.டி.டி. ஜெயிச்சது. அது புதுப் பொருளே இல்லை. 1874-லேயே ஒத்மார் ஸைட்லர்ங்கிறவர் தயாரிச்சது. அது பூச்சியைக் கொல்லும்னு யாருக்கும் தெரியாம 65 வருஷம் கிடந்தது. முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைச்சது.

எங்க தொழிலில் இதுக்குப் பேர் புரூட் ஃபோர்ஸ். பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது. சாவிக் கொத்துல இருக்கிற ஒவ்வொண்ணையும் போட்டுத் திருகிப் பார்க்கிறது. தப்புன்னு சொல்ல முடியாது, வேலை நடந்தது. சுதந்திரம் கிடைச்ச சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் இறப்புன்னு மதிப்பிட்டாங்க. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958-ல் அதை ஒழிப்புத் திட்டமாகவே மாத்தினாங்க. வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. அடிச்சாங்க. 1965-ல் நோயாளிகள் எண்ணிக்கை 1 லட்சத்துக்கு வந்துடுச்சு.

1976-ல் அது 64 லட்சம்.

மெத்தனம், நிதித் தட்டுப்பாடு, மருந்து போய்ச் சேராததுன்னு இதுக்குப் பல காரணம் உண்டு. ஆனா ஒரு காரணம் கொசுவுக்கு உள்ளேயே இருந்தது. டி.டி.டி.யைத் தாங்குற கொசுக்கள் பிழைச்சு, பெருகி, அடுத்த தலைமுறை ஆயிடுச்சு. மருந்து ஏன் கொல்லுதுன்னு தெரியாமலே ஜெயிச்சவங்களுக்கு, அது ஏன் கொல்லாமப் போச்சுன்னும் சட்டுன்னு புரியலை.

அபேட் எந்தக் குடும்பம்

இப்போ ஆச்சியோட டிரம்முக்கு வருவோம். அபேட் மருந்தோட வேதிப் பெயர் டெமிஃபாஸ். 1965-ல் சந்தைக்கு வந்தது. ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். இந்தக் குடும்பத்தோட கதை கொஞ்சம் பயங்கரமானது. 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடிட்டிருந்தார். அவர் கையில் கிடைச்சது டபுன்ங்கிற நரம்பு வாயு. பூச்சியைக் கொல்லத் தேடினது மனுசனையும் கொல்லும்னு ஆயிடுச்சு.

ஏன்னா தாக்குற இடம் ஒண்ணுதான். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின்னு ஒரு தூதுப் பொருள் இருக்கு. வேலை முடிஞ்ச உடனே அதைக் கூட்டித் தள்ளணும். தள்ளலைன்னா தசை சுருங்கிக்கிட்டே இருக்கும். கூட்டித் தள்ளுற நொதிக்குப் பேர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான தூதுகளை உடைச்சுப் போடும். ஆர்கனோபாஸ்பேட் அதோட பள்ளத்துக்குள்ள போய் ஒட்டிக்கும். அப்புறம் நொதி செத்த மாதிரிதான். புழுவுக்கும் இதேதான், நமக்கும் இதேதான். வயல்ல மருந்தடிக்கும்போது காத்து எதிர்ல வீசி வாயில் நுரை தள்ளி விழுறவங்களுக்கு அட்ரோபின் ஊசி போடுறதைப் பார்த்திருப்பீங்க. அதே நொதி, அதே பள்ளம்.

அப்போ டெமிஃபாஸ் எப்படிக் குடிதண்ணிக்குப் போகுது? அந்தக் குடும்பத்தில் அது சாதுவான பிள்ளை. நம்ம உடம்பு அதை உடைச்சு வெளியே தள்ளிடும். அளவும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த அக்கா சொன்னது உண்மைதான். ஆனா ஆச்சி சந்தேகப்பட்டதும் உண்மை: மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. பிரிச்சுப் பார்க்கிற வேலையைச் செய்றது அளவும் நம்ம உடம்பும்தான்.

கொசு இங்கேயும் வழி கண்டுபிடிச்சது. 2003-ல் பிரான்சின் மோன்பெல்லியே ஆய்வாளர்கள் இதைக் காட்டினாங்க. அந்த நொதியில் 119-வது இடத்தில் கிளைசின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கும். இருக்கிறதிலேயே சின்னது அதுதான். மருந்தைத் தாங்குற கியூலெக்ஸ் கொசுவிலும் ஆப்பிரிக்க அனோஃபிலிஸ் கொசுவிலும் அந்த இடத்தில் செரின் உட்கார்ந்திருந்தது. டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். செரின் கொஞ்சம் பருமன். தென்காசி பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, மருந்து உட்காரவேண்டிய இடத்தை அது அடைச்சுக்கிச்சு.

இதுக்கு நொதி ஒரு விலை கொடுக்குது. வழக்கமான வேலையும் அதுக்கு மந்தமாயிடும். ஆனா மருந்தடிச்ச ஊர்ல மந்தமா உயிரோட இருக்கிறது சாகிறதைவிட மேல்.

கிண்டியில் போட்ட வரைபடம்

கவனிச்சீங்கன்னா கதை இப்போ 'எது கொல்லும்'ங்கிறதை விட்டுட்டு 'உள்ள எவ்வளவு இடம் இருக்கு'ங்கிறதுக்கு வந்துடுச்சு. இது கணக்குப் போடக்கூடிய கேள்வி. இந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்ட இடங்கள்ல ஒண்ணு சென்னை கிண்டி.

ஜி.என். ராமச்சந்திரன். ஜி-ன்னா கோபாலசமுத்திரம். திருநெல்வேலிக்கும் பத்தமடைக்கும் நடுவுல அதே பேர்ல ஒரு ஊர் இருக்கு. அந்தப் பேரைப் பார்த்ததுமே எனக்குக் கூடுதல் ஆர்வம் வந்ததை மறைக்கலை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. புரதம்ங்கிறது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய மூட்டு ரெண்டு இருக்கு. எல்லாக் கோணத்திலும் சுழல முடியுமா? அணுக்களைக் கெட்டியான உருண்டைகளா நினைச்சுக்கிட்டு, ரெண்டு உருண்டை ஒரே இடத்தில் இருக்க முடியாதுன்னு மட்டும் விதி வச்சு, ஒவ்வொரு கோணமா கணக்குப் போட்டாங்க. பெரும்பாலான கோணங்கள் நடக்காதுன்னு தெரிஞ்சது. நடக்கக்கூடிய கோணங்கள் ஒரு வரைபடத்தில் சில தீவுகளா நின்னுச்சு. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் தாராளமா இடம்.

அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்னைக்கு உலகத்தில் எந்த ஆய்வுக்கூடம் புரத மாதிரி ஒண்ணு செஞ்சாலும், அது சரியான்னு பார்க்க முதல்ல போடுற சோதனைகளில் இதுவும் ஒண்ணு. எங்க மொழியில் சொன்னா, 60 வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற யூனிட் டெஸ்ட்.

அதுக்கப்புறம் துண்டுகள் ஒவ்வொண்ணா சேர்ந்தது. 1982-ல் கலிபோர்னியாவில் இர்வின் குன்ட்ஸ் குழு, ஒரு மூலக்கூறு புரதப் பள்ளத்துக்குள்ள பொருந்துமான்னு கணினியில் பார்க்கிற நிரலை எழுதியது. டாக்கிங்னு இப்போ சொல்றோமே, அதுதான். 1991-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில், மின்சாரத் திருக்கை மீனில் இருந்து எடுத்த அசிட்டைல்கோலினெஸ்டரேஸோட முப்பரிமாண வடிவம் முதல்முறையா வெளிவந்தது. 2002-ல் ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவோட மரபணுத் தொகுதி, 2007-ல் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோடது.

2006-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யுவான்-பிங் பாங் இதையெல்லாம் சேர்த்தார். மலேரியாக் கொசுவோட அந்த நொதிக்கு அப்போ படிக அமைப்பு கிடையாது. மரபணு வரிசையில் இருந்து கணினியிலேயே முப்பரிமாண மாதிரியைக் கட்டினார். அப்புறம் மனித நொதியோட பக்கத்துல பக்கமா வச்சுப் பார்த்தார். பள்ளத்தோட வாய்க்குப் பக்கத்தில் 286-வது இடத்தில் சிஸ்டீன்னு ஒரு அமினோ அமிலம் இருந்தது. கந்தகம் உள்ளது, எளிதா ஒட்டிக்கக் கூடியது. பல பூச்சிகளில் அந்த சிஸ்டீன் இருக்கு. மனுசன், குரங்கு, நாய், பூனை எதிலும் இல்லை. அதைப் பிடிச்சுக்கிற மூலக்கூறு செஞ்சா கொசுவோட நொதி முடங்கும், நம்மது தப்பிக்கும். பின்னாடி நடந்த ஆய்வகச் சோதனைகளில் அப்படிப்பட்ட மூலக்கூறுகளைச் செஞ்சும் காட்டினாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சி நினைவுதான் வந்தது. புழு எது, மனுசன் எதுன்னு தெரிஞ்சுக்கிற மருந்து செய்ய முடியும். வித்தியாசம் எங்க இருக்குன்னு முதல்ல பார்க்கணும். முல்லரோட கண்ணாடிப் பெட்டியால இதைச் சொல்ல முடியாது. அது 'செத்துச்சு, சாகலை'ன்னு மட்டும்தான் சொல்லும்.

என் லேப்டாப்பில் ஒரு ராத்திரி

ஆர்வக் கோளாறில் நானும் செஞ்சு பார்த்தேன். ஆட்டோடாக் வைனான்னு இலவச நிரல் இருக்கு, 2010-ல் வந்தது. புரத வடிவங்களும் இலவசமாவே கிடைக்கும். கொசு நொதி ஒரு பக்கம், மனித நொதி ஒரு பக்கம், ரெண்டிலும் டெமிஃபாஸைப் பொருத்தச் சொல்லிட்டு தூங்கப் போனேன். காலையில் ரெண்டு எண் இருந்தது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு.

இதில் ஏமாறக்கூடிய இடம் ரெண்டு. முதலாவது, அந்த நிரல் தர்ற பிணைப்பு ஆற்றலில் 2 கிலோகலோரிக்கும் மேல பிசகு வரலாம்னு அதை எழுதினவங்களே சொல்லியிருக்காங்க. 1.4 கிலோகலோரி பிசகினாலே ஒட்டுற வலிமை 10 மடங்கு மாறிடும். ரெண்டாவது, ஆர்கனோபாஸ்பேட் நொதியோட வேதிப் பிணைப்பே போட்டுக்குது. நான் ஓட்டின முறை பொருந்துறதை மட்டும்தான் பார்க்கும், அந்தப் பிணைப்பைப் பார்க்காது. அதனால அந்த ரெண்டு எண்ணை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. கணினியில் மருந்து கண்டுபிடிச்சாச்சுன்னு வர்ற செய்திகளில் பாதி இந்த இடத்தோட நின்ன வேலையா இருக்கலாம்னு அன்னைக்குத் தோணுச்சு.

இன்னைக்கு 2021-க்குப் பிறகு ஆல்ஃபாஃபோல்டு வந்து, கோடிக்கணக்கான புரத வடிவங்களைக் கணிச்சுக் கொட்டியிருக்கு. அதைச் செஞ்சவங்களுக்கு 2024-ல் நோபல் பரிசும் வந்தது. வடிவம் கிடைக்கிறது இப்போ பிரச்சினை இல்லை. ஆனா மூலக்கூறு புழுவோட தோலைத் தாண்டி உள்ள போகுமா, தேனீயை விட்டுவைக்குமா, வெயில்ல கெட்டுப்போகுமா, குடத்துக்கு ஒரு ரூபாயில் செய்ய முடியுமாங்கிறதெல்லாம் வடிவத்தில் எழுதியிருக்காது. எங்க ஆச்சி வீட்டு டிரம்முக்கு வந்த எந்த மருந்தும் கணினியில் பிறந்தது இல்லை.

ஆழ்வார்குறிச்சியும் ஒரு பாலைவனக் குட்டையும்

இதே கேள்விக்கு வேற பாதையும் உண்டு. கடனா நதிப் பக்கம் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையம் இருக்கு. அங்க செந்தில்நாதன் குழு வேம்பு மாதிரி தாவரங்களில் இருந்து கொசுப் புழுவைக் கொல்லும் பொருட்களைப் பல வருஷமா ஆராயுது. பூச்சியோட பல கோடி வருஷமா சண்டை போட்டுக்கிட்டிருக்கிற செடிகிட்டயே கேட்கிறது இந்த வழி. செடி கொடுத்த பொருள் புழுவோட எந்தப் புரதத்தைப் பிடிக்குதுன்னு பார்க்க டாக்கிங் இங்க உதவியா வருது.

இன்னொண்ணு, 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கொசுப் புழு செத்துக் கிடந்த ஒரு குட்டையில் கிடைச்ச பாக்டீரியா. சுருக்கமா பி.டி.ஐ. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கின நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதோட உள்நாட்டு வகை ஒண்ணைப் பிரிச்சு எடுத்து மருந்தா ஆக்கியிருக்கு. பி.டி.ஐ.யோட நச்சுப் படிகம் காரத்தன்மை உள்ள குடலில்தான் கரையும். கொசுப் புழுவோட குடல் காரம். நம்ம வயிறு அமிலம். ஆச்சியோட கேள்விக்கு ஒரு பாக்டீரியா எந்தக் கணினியும் இல்லாம பதில் சொல்லிடுச்சு. அது ஒரே நச்சை நம்பலை, முக்கியமா நாலு இருக்கு. அதனாலதான் பல வருஷம் பயன்படுத்தியும் கொசு அதைத் தாங்கப் பழகுறது அபூர்வமா இருக்கு.

எனக்கு இதில் கிடைச்ச பாடம் இதுதான். கணினி செய்யவேண்டிய வேலை ஒரு பிரம்மாஸ்திரம் தேடுறது இல்லை. ஒரு எழுத்து மாறினா அஸ்திரம் வீண்னு 119-வது கிளைசின் காட்டிடுச்சு. கொசுவுக்கு இருந்து நமக்கு இல்லாத இடங்களைப் பல புரதங்களில் வரிசையா கண்டுபிடிச்சு, ரெண்டு மூணை ஒரே நேரத்தில் அடைக்கிற மாதிரி மருந்து தேடணும். அதுக்குக் கணினியை விட்டா வேற நல்ல கருவி இல்லை.

கடைசியா ஒண்ணு. கடையநல்லூர் தண்ணி கருப்பாநதி வழியா சிற்றாற்றுக்குப் போய், சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோட சேருது. இப்படி ஒரு நதிப் படுகையில் இருந்துக்கிட்டு நாங்க ஏன் டிரம்மில் தண்ணி பிடிச்சு வச்சோம்? எங்க தெருக் குழாயில் தண்ணி தினமும் வராது. ஏடிஸ் கொசுவுக்கு அந்த டிரம்தான் வீடு. தண்ணி தினமும் வர்ற தெருவில் இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது.

அன்னைக்கு ஆச்சி மருந்து ஊத்த விடலை. ஆனா அந்த அக்கா போனதும் டிரம்மைக் கவுத்து, தேங்காய் நார் போட்டு உள்பக்கம் பூரா தேய்ச்சாங்க. ஏடிஸ் முட்டை பாத்திரத்தோட சுவரில் ஒட்டிக்கிட்டு, தண்ணி இல்லாமலே மாசக்கணக்கில் உயிரோட இருக்கும். தண்ணியை மட்டும் மாத்தினா போகாது, தேய்க்கணும். ஆச்சிக்கு இது தெரியாது. பாத்திரம் வழுவழுன்னு இருந்தா அவங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருக்கா நீங்களும் தேய்ச்சுடுங்க. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

அடுத்த எபிசோடில் பாபநாசம் அணைக்குப் போவோம்.